குடத்துக்கு ஓட்டு இல்லை

எங்கள் தெருவில் தேர்தலைப் பற்றி யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கப்பலேறும் சரக்குக்குக் காகிதம் தயார் செய்கிற வேலை. கம்ப்யூட்டர் தெரியும், நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரியும், சர்க்கார் ஆபீசில் போய்ப் பயப்படாமல் பேசத் தெரியும். தெருவில் மற்ற வீடுகளெல்லாம் சங்கு குளிக்கிறவர்களின் வீடுகள். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முறை உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். என் அக்கா வார்டு மெம்பருக்கு நின்றாள். அவளுக்குப் பதவி ஆசை என்று முன்தெருவில் பேசினார்கள். பேசினவர்கள் வாயில் மண். அவளுக்கு இருந்தது தண்ணீர் ஆசை. ஊருக்குள் வருகிற குடிதண்ணீர்க் குழாய் முன்தெரு வழியாக வந்து, கடைசியாக எங்கள் தெரு முனையில் முடிகிறது. நாலு நாளைக்கு ஒரு தடவை, விடிந்ததும் ஒன்றரை மணி நேரம் விடுவார்கள். முன்தெருவில் பாதி வீட்டில் மோட்டார் போட்டு இழுப்பார்கள். எங்களுக்கு வருவது நூல் மாதிரி. ஒரு குடம் நிறைய எடுக்கும் நேரத்தில் ஒரு ஜெபமாலை சொல்லி முடித்துவிடலாம்.

அக்கா மூன்று தடவை பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு கொண்டுபோனாள். மூன்று தடவையும் ஒரே பதில்தான். "உங்க வார்டு மெம்பர்ட்ட சொல்லுங்கம்மா." மெம்பர் வீட்டில்தான் ஊரிலேயே பெரிய மோட்டார் ஓடியது. மூன்றாவது தடவை திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள், "ஏளா, நானே நிக்கப் போறேன். ஜெயிச்சா மொத வேலை அந்த மோட்டாரப் பிடுங்குறதுதான்." எதிர்த்து நின்றது அதே மோட்டார் வீட்டு மருமகள். போட்டி அந்த இரண்டு பேருக்கும்தான்.

குழாயடியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வரும் நாளில் இருட்டோடு போய்க் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். குடம் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. சோறு வடிக்கலாம், பிள்ளைக்குத் தலை பின்னலாம், குடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளும். அடுத்தவள் குடத்தை நகர்த்துகிறவளை இந்தத் தெருவில் யாரும் மன்னித்ததில்லை. ரேஷன் கடையில் பை, குழாயடியில் குடம். பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த சட்டம் இது. அதற்கு வெளியே வேறு சட்டம் இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை.

தேர்தலுக்கு முந்தைய இரண்டு வாரம் நான் ஆபீஸ் விட்டு வந்ததும் வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தினேன். உள்ளாட்சித் தேர்தலில் பட்டன் கிடையாது, காகிதம். எங்கள் பக்கம் நாலு சீட்டுக் கொடுப்பார்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், யூனியனுக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். "மத்த மூணுல யாருக்கு வேணும்னாலும் குத்துங்க. வெள்ளையில அக்கா சின்னம், பூட்டுச் சாவி. மறந்துராதிய." முத்திரையைக் கட்டத்துக்குள் குத்த வேண்டும், கோட்டின் மேல் குத்தக்கூடாது. முதலில் நெடுவாக்கில் மடிக்க வேண்டும், பிறகுதான் குறுக்கே. மாற்றி மடித்தால் ஈர மை எதிர்க்கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்து, பெண்களை மடிக்க வைத்து, தப்பாக மடித்தவர்களை ஏசி, மறுபடி மடிக்க வைத்தேன். பெரிய டீச்சர் என்று நினைப்பு.

எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று அத்தனை சொல்லிக்கொடுத்தேனே, எப்போது என்பதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் சரிபார்க்கவில்லை. அதற்கு முன்னால் நடந்த பெரிய தேர்தலில் ஆறு மணி வரை ஓட்டுப் போட்டோம். அதே ஞாபகத்தில், வீட்டுக்கு வீடு கொடுத்த துண்டுச் சீட்டில் என் கையெழுத்தில் 'காலை 7 முதல் மாலை 6 வரை' என்று எழுதினேன். என் பிழைப்பே நேரம் பார்க்கிற பிழைப்பு. இத்தனை மணிக்குள் கன்டெய்னர் துறைமுகக் கேட்டைத் தாண்ட வேண்டும், தாண்டாவிட்டால் கப்பல் நிற்காது என்று லாரிக்காரர்களை ஒரு நாளைக்கு நாற்பது தடவை விரட்டுகிறவள் நான். அந்த நாக்கைக் கொண்டுபோய் எங்கே வைக்க.

தேர்தல் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வந்தது. அதற்கு முன் மூன்று வாரம் வாடைக்காற்று. கடல் கலங்கிக் கிடந்தது. கலங்கல் தண்ணீரில் இறங்கினால் தன் கை தனக்குத் தெரியாது, சங்கை எங்கே பார்க்க. தேர்தலுக்கு முந்தைய நாள் காற்று விழுந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. எங்கள் தெருவிலிருந்து போகிற வள்ளத்துக்குப் பதினோரு பேர். அக்காவின் புருஷனும் அதில் ஒருவர். போனால் பதினோரு பேரும் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தரும் போக முடியாது. கிறிஸ்துமஸுக்கே வெறுங்கையோடு இருந்த வீடுகள். சாயங்காலம் அத்தான் என்னிடம் வந்து கேட்டார்.

"நாளைக்கு எத்தன மணி மட்டும் ஓட்டு?"

"ஆறு மணி அத்தான்."

"அப்பம் போயிட்டு வந்துருவோம். அஞ்சுக்குள்ள கரையில இருப்போம்லா."

"ஓட்ட விட்டுராதிய."

"எம் பொண்டாட்டிக்கு நான் போடாம எவன் போடுவான்?"

மறுநாள் காலையில் ஆபீஸ் லீவு. வாக்குச்சாவடி எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில். காலையிலேயே தெருப் பெண்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். முட்டுவலியோடு வீட்டில் இருந்த ஒருத்தியைத் தவிர எல்லோரும் போட்டார்கள். மதியம் ஒரு மணி இருக்கும், அந்த முட்டுவலிக்காரியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தபோது கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்தேன். காலையிலிருந்து நாலு தடவை அதைத் தாண்டிப் போயிருந்தேன். மாலை 5 மணி வரை என்று போட்டிருந்தது. மறுபடி படித்தேன்.

உடனே அத்தானுக்குப் போன் அடித்தேன். கடலில் சிக்னல் எங்கே இருக்கிறது. அடித்து அடித்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அக்காவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "எப்படியும் அஞ்சுக்குள்ள வந்துருவாவ," என்று மட்டும் சொன்னாள். பதினோரு ஓட்டு. வார்டில் மொத்தமே முந்நூறுக்குப் பக்கம்தான். ஒவ்வொரு ஓட்டையும் முகத்தோடு தெரியும். பதினொன்று போனால் அக்கா தோற்பாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாலு மணி தாண்டியும் வள்ளம் வரவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த விதி ஞாபகம் வந்தது. ஐந்து மணிக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பார்கள், டோக்கன் வாங்கினவர்கள் எத்தனை மணியானாலும் ஓட்டுப் போடலாம். பெண்களிடம் சொன்னேன். "அஞ்சு மணிக்கு வரிசையில இடம் இருந்தாப் போதும். எவ்ளோ நேரமானாலும் போட்டுக்கிடலாம்."

இடம் இருந்தால் போதும் என்று சொன்னது நான். அதைக் கேட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தோடு. சிவப்பு, பச்சை, நீலம். பள்ளிக்கூட வராந்தாவில் நின்ற வரிசையின் வாலில், குழாயடியில் வைக்கிற மாதிரியே ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்கள். பதினோரு ஆளுக்குப் பதினோரு குடம்.

நான் தடுத்திருக்க வேண்டும். படித்தவள், சர்க்கார் ஆபீஸ் தெரிந்தவள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோணலாக இருந்த குடங்களை நேராக்கினேன். எந்தக் குடம் யாருக்கு என்று தெரிய வேண்டுமே என்று, அவரவர் வாக்காளர் சீட்டை அந்தந்தக் குடத்தின் கழுத்தில் நூல் போட்டுக் கட்டினேன். கட்டி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. இனிப் பயமில்லை என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தேன்.

கேட்டில் நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தண்ணி லாரி வரப்போவுதா?" என்றார். மோட்டார் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று குடங்களைப் பார்த்தார்கள். அவர்களுக்கு விதி தெரிந்திருந்தது. வாயைத் திறக்கவில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் திறந்திருக்க மாட்டேன்.

ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது என் போன் அடித்தது. அத்தான்.

"கரைக்கு வந்துட்டோம்ளா. ஓட்டு அஞ்சு மணிக்கே முடியுதுன்னு இங்கன ஒருத்தன் சொல்லுதான். இப்படியே ஓடி வந்துரட்டா?"

கரையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தால் பத்து நிமிடம். ஓடினால் ஐந்து. அவர் 'இப்படியே' என்று சொன்னதும் என் கண்முன்னால் வந்தது ஐந்து மணியும் இல்லை, அக்காவின் முகமும் இல்லை. பதினோரு பேர் ஈரத் துண்டோடும் உப்புப் பூத்த மேலோடும் சங்குச் சதை நாற்றத்தோடும் இந்த வராந்தாவில் வந்து நிற்பதுதான் வந்தது. உள்ளே இஸ்திரி போட்ட சட்டையில் வாத்தியார்மார் உட்கார்ந்திருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் வேனில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலைத் திறந்தாள். என் மேல் ஒரு நாற்றமும் இல்லை. எந்தத் தெரு என்று தெரிந்துதான் திறந்தாள். அன்றிலிருந்து காலையில் இரண்டு தடவை சோப்புப் போடுகிறவள் நான்.

"இப்படியே வராதிய அத்தான். நாறும். ஆபீசர்மாருல்லாம் இருக்காவ. குளிச்சி, சட்ட மாத்திட்டு வாங்க. ஒங்களுக்கெல்லாம் குடம் வச்சாச்சு."

"குடம் வச்சாச்சா? அப்பம் சரி," என்று போனை வைத்தார்.

குடம் வைத்தாகிவிட்டது என்றால் எங்கள் தெருவில் யாரும் ஓட மாட்டார்கள். தெருவில் ஒரே ஒரு அடிபம்பு, உப்புத் தண்ணீர். பதினோரு பேரும் ஆள் மாற்றி ஆள் அடித்துக் குளித்தார்கள். வீட்டில் கடைசிக் குடத்தில் இருந்த நல்ல தண்ணீரை ஆளுக்கு ஒரு செம்பு மேலுக்கு ஊற்றிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்குக் கடனில் எடுத்த சட்டையைப் போட்டார்கள்.

ஐந்து மணிக்கு வாக்குச்சாவடி அலுவலர் வெளியே வந்தார். எங்கேயோ வெளியூர்ப் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனுஷன், காலையிலிருந்து யாரையும் அதட்டிப் பேசவில்லை. கையில் டோக்கன் கட்டு. வரிசையின் கடைசியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. கடைசிக்குப் போனார். அங்கே குடம் இருந்தது.

"இது யாருது?"

"எங்க வீட்டு ஆளு சார்," என்றாள் ஒருத்தி. "கடலுக்குப் போயிருக்காவ. இன்னா வந்துருவாவ."

அவர் ஒவ்வொரு குடமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கழுத்தில் கட்டியிருந்த சீட்டுகளில் ஒன்றைத் திருப்பிப் படித்தார். அவருக்கும் சிரிப்பு வந்திருக்கும், அடக்கிக்கொண்டார். "குடத்துக்கு ஓட்டு இல்லம்மா. ஆளுக்குத்தான் டோக்கன்."

"குடம் வச்சா ஆளுதான சார்," என்றாள் அவள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னாள்.

நான் முன்னால் போய் இங்கிலீஷ் கலந்து பேசிப் பார்த்தேன். கெஞ்சினேன். பத்து நிமிடம் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் கையெழுத்துப் போடணும்மா," என்றார். ஆளாக நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்துவிட்டு உள்ளே போனார். போலீஸ்காரர் கேட்டை இழுத்துச் சாத்தினார்.

ஐந்து பன்னிரண்டுக்கு அவர்கள் வந்தார்கள். படிய வாரின தலை, புதுச் சட்டை, கழுத்தில் பவுடர். கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டு வந்து, சாத்தின கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். கம்பிக்குள்ளே வராந்தாவில் அவர்கள் குடங்கள் வரிசையாக இருந்தன.

அக்கா அத்தானைப் பார்த்தாள். "பவுடர் போட்டுட்டு வந்திருக்கியளா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. "நேரமாயிட்டு. தப்பு எங்க மேலதான்," என்றார். குளிக்கச் சொன்னது நான் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எண்ணிக்கை அன்று அக்கா நாலு ஓட்டில் தோற்றாள். வார்டில் செல்லாத ஓட்டு ஏழு என்றார்கள். அந்த ஏழில் ஒன்றுகூட எங்கள் தெரு ஓட்டு இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். மடிப்பதற்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன் அல்லவா.

அதற்கப்புறம் ஐந்து வருடம் மோட்டார் வீடுதான் மெம்பர். முன்தெருவில் புதுக் குழாய் பதித்தார்கள், அதிலும் மோட்டார் போட்டார்கள். எங்கள் முனைக்கு வந்த நூலும் இன்னும் மெலிந்தது. ஒவ்வொரு தண்ணீர் நாளிலும் அக்கா அரைக்குடத்தோடு வீட்டுக்குள் வந்து அத்தானிடம் அதே பேச்சைத் தொடங்குவாள். "பவுடர் போடப் போன நேரத்துல ஓடி வந்திருந்தா இந்தக் கேடு உண்டா?" பக்கத்து வீடுதான் என் வீடு. சுவர் வழியாக எனக்குக் கேட்கும். அத்தான் பதில் பேச மாட்டார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவதான் குளிக்கச் சொன்னா என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன். சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். என்னைப் போல் ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

அந்த ஐந்து வருடம் முடியும் முன்பே நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. இந்த முறை நோட்டீசை மூன்று தடவை படித்தேன், ஆறு மணி வரை. யாரும் என்னிடம் நேரம் கேட்கவில்லை. நாலு மணிக்கு வள்ளம் கரைக்கு வந்தது. பதினோரு பேரும் வீட்டுக்குப் போகவில்லை. கரையிலிருந்து நேராக வந்தார்கள். இடுப்பில் ஈரத்துண்டு, தோளில் உப்பு, காலில் மணல். அதே பள்ளிக்கூடம், அதே வராந்தா. நானும் அக்காவும் ஓட்டுப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். என் கை தானாக மூக்குப் பக்கம் போனது, இறக்கிக்கொண்டேன்.

ஈரம் சொட்டச் சொட்ட வரிசையில் நின்றார்கள். உள்ளே இருந்த அலுவலர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அட்டையைப் பார்த்தார், பெயரை வாசித்தார், விரலை நீட்டச் சொன்னார். விரல் ஈரமாக இருந்ததால் மை வைக்கிற பெண் ஒரு துணியால் துடைத்துவிட்டு மை வைத்தாள். அவ்வளவுதான். இதற்கா பயந்தேன்.

அத்தான் வெளியே வந்து எங்களிடம் நின்றார். மை வைத்த விரலை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னிடம், சாதாரணமாக, சோறு ஆயிற்றா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"இனி போய்க் குளிச்சிக்கிடலாமாளா?"

அக்கா அவரைப் பார்த்தாள். "அத எதுக்கு இவகிட்ட கேக்கிய?" என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அக்கா என் பக்கம் திரும்பினாள். அந்த மரத்தடியில் வைத்து, வருடக்கணக்காகத் தொண்டையில் வைத்திருந்ததை நான் சொன்னேன். போன் வந்ததையும், நாறும் என்று சொன்னதையும், குடம் வைத்தாகிவிட்டது என்று சொன்னதையும். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த மெம்பரின் காலமும் முடிந்துவிட்டது. இப்போது பஞ்சாயத்தை யாரோ ஒரு அதிகாரி பார்த்துக்கொள்கிறார். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் எப்போது என்று கேட்டால் ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை.

அன்று மரத்தடியில் நான் சொன்னதற்கு மூன்றாம் நாள் தண்ணீர் நாள். வழக்கம்போல இருட்டோடு போய் என் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, ஆபீசுக்குப் புடவை கட்ட வந்தேன். திரும்பிப் போனபோது என் குடம் வரிசையில் இல்லை. சாக்கடை ஓரத்தில் தனியாக இருந்தது. மற்றவர்கள் குடமெல்லாம் அதனதன் இடத்தில், பக்கத்தில் ஆள் இல்லாமல்தான் இருந்தன. அக்கா மட்டும் குழாயடியில் நின்றிருந்தாள்.

"யாரு எடுத்தது?" என்றேன்.

"நான்தான்," என்றாள். "ஒனக்கு ஆளு நிக்கணும்."

குடத்தை எடுத்துக்கொண்டு போய் எல்லாக் குடங்களுக்கும் பின்னால் நின்றேன். ஆபீஸ் வேன் வந்து இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு முன்னால் பத்தொன்பது குடங்கள் இருந்தன.